செல்விக்கு நான் போட்ட டீ

முதல் அறிகுறியை நான் நல்லது என்றுதான் நினைத்தேன். என் மனைவி அழவில்லை.

எங்கள் ஒரே மகள் பவித்ரா, பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தவள், டெங்குக் காய்ச்சலில் போனாள். காரியத்துக்கு வந்தவர்கள் செல்வியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "நல்ல தைரியமான பொம்பளப்பா, அசையாம நின்னுகினு கீது" என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிதான். அவள் வந்தவர்களுக்கு இலை போட்டாள், மோர் ஊற்றினாள், வாசல் வரை போய் வழியனுப்பினாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

நான் காட்டுப்பாக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். வீடு நூம்பலில். அக்கம்பக்கத்தில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். மனநோயைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டிலும் ஒருவர் மனசுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அவர் திடீரென்று ஒருநாள் கத்தத் தொடங்கலாம். நீங்கள் பயந்துபோய் நான் செய்த அதே காரியத்தைச் செய்யலாம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காய்ச்சலைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு நாள் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் செல்வி, "ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாம்யா, கண்ணெல்லாம் வலிக்குதுங்கறா" என்றாள். எனக்கு ஒரு அபார்ட்மெண்ட் மோட்டார் அவசர வேலை. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். நாலாம் நாள் காலையில் பவியின் நெற்றியைத் தொட்டால் சில்லென்று இருந்தது. பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன்: "பாத்தியா, காய்ச்சல் விட்டுடுச்சு. சும்மா பயந்துகினு கீறியே."

பவி வயிறு வலிக்கிறது என்றாள். வெறும் வயிறு, அப்படித்தான் இருக்கும் என்று இட்லி சாப்பிடச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் (ரத்தத்தில் இருக்கும் நீர் குழாய்களை விட்டுக் கசிந்து, ரத்த அழுத்தம் சரியும்) என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மத்தியானம் செல்வி போன் பண்ணினாள். "கையி காலு ஐஸா கீதுய்யா, வா." ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுநாள் காலை பவி இல்லை.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது செல்வி எழுப்பிய சத்தத்தை நான் அதற்கு முன் எந்த மனித வாயிலிருந்தும் கேட்டதில்லை. பவியைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். நாலு பெண்கள் பிடித்தும் முடியவில்லை. "இப்பிடியே உட்டா இவளும் போய்ச் சேந்துடுவா" என்று யாரோ சொன்னார்கள். நான்தான் பக்கத்துத் தெரு கிளினிக்கிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து தூக்க ஊசி போடச் சொன்னேன். சாவு வீட்டில் தாய்க்கு ஊசி போட்டுப் படுக்கவைப்பது எங்கள் பக்கத்தில் புதிது இல்லை. செலவோடு செலவாக, பந்தல் ஆளுக்குச் சொல்லும்போதே ஊசிக்கும் சொல்லிவிடுகிறோம்.

செல்வி எழுந்தபோது சாயங்காலம் நாலு மணி. பவியை எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்திருந்தோம். வீடு கழுவிவிட்டிருந்தது, தரை இன்னும் காயவில்லை. அவள் ஈரத்தரையைப் பார்த்தாள். "பவி எங்க?" என்றாள். யாரும் பேசவில்லை. அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்த நாளிலிருந்து ஏழு மாதம் அவள் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. குழாயடியில் குடம் நிறைந்து வழியும், பார்த்துக்கொண்டே நிற்பாள். குழம்பில் உப்பு இருக்காது, சில நாள் குழம்பே இருக்காது. பகலெல்லாம் படுத்துக் கிடந்தாள். எடை இறங்கி ரவிக்கை தோளில் நிற்கவில்லை. ஒருநாள் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிவிட்டு, விரல் கொப்பளித்ததைக்கூட நான் சொல்லித்தான் பார்த்தாள். "மரத்துப்போன மாதிரி கீது. என் உடம்பு எனுதா இன்னான்னே தெரில" என்றாள்.

பூந்தமல்லியில் ஒரு டாக்டர் தைராய்டு, சர்க்கரை, இரும்புச்சத்து எல்லாம் சோதித்துப் பார்த்தார். எதிலும் கோளாறு இல்லை. மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். எனக்கு உடனே சுருக்கென்று கோபம் வந்தது. என் பெண்டாட்டி என்ன பைத்தியமா? சீட்டை இரண்டு வாரம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த இரண்டு வாரத்தையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். கம்பெனி யூனிஃபார்மில் ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு ஒரு பையன். எங்களைப் பார்த்த டாக்டரம்மா நாற்பதைத் தாண்டியவர், பருத்திப் புடவையும் ஓட்டக்காரர்கள் போடும் ஷூவுமாக இருந்தார். செல்வியிடம் அரைமணி நேரம் பேசினார். மனச்சோர்வு (சோகமும் செயலின்மையும் வாரக்கணக்கில் நீடித்து உடம்பையே முடக்கிப்போடுவது) என்றார். அதற்கு அடியில் அடைபட்ட துக்கம் ஒன்று இருக்கிறது, அது வெளியே வர நாளாகும் என்றார். காலையில் ஒரு மாத்திரை. தூக்கத்துக்கு இரவில் அரை மாத்திரை, அது சில வாரம் மட்டும், பிறகு நிறுத்திவிட வேண்டும்.

மாத்திரை வேலை செய்தது. அதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பின்னால் சொல்லப்போவதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. ஆறாவது வாரம் செல்வி தானாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். எட்டாவது வாரம் குழம்பில் உப்பு சரியாக இருந்தது. ஒன்பதாவது வாரம் கோபம் வந்தது.

முதலில் தண்ணி கேன் போடுபவரிடம். பிறகு கேபிள்காரரிடம். அதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் என் அக்கா லட்சுமி நசரத்பேட்டையிலிருந்து வந்தாள். அக்கா வழக்கம்போல் ஆறுதல் சொல்லத் தொடங்கி, "இன்னா பண்றது செல்வி, அவளுக்கு அவ்ளோதான் ஆயுசு" என்றாள்.

செல்வி எழுந்து நின்றாள். "அப்பிடியா? அப்ப உம் பேத்திக்கு எவ்ளோ ஆயுசுன்னு சொல்லு. எழுதி வெச்சிக்கறேன்."

அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "டேய், முத்திப்போச்சுடா. இன்னும் கொஞ்ச நாள்ல யாரையாவது அடிச்சிடும். தூக்க மாத்திர மிச்சம் கீதா? எம் மாமியாருக்கு மோர்லதான் கலந்து குடுத்தோம். ஊடு கப்சிப்னு ஆச்சு."

நான் தலையாட்டவில்லை. அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வந்துவிட்டேன். அன்று சாப்பிடும்போது செல்வி தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நாலாம் நாளு காலீல நீ இன்னா சொன்ன?"

"எதப் பத்தி?" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மறுநாள் காலை, நிறுத்திவிட்டிருந்த தூக்க மாத்திரையில் அரையை இஞ்சியோடு சேர்த்து இடித்து, அவளுக்கு டீ போட்டேன்.

இதில் எனக்குச் சாக்கே கிடையாது. அவள் நோய் முற்றிவிட்டது, பாவம் அமைதியாகத் தூங்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்மை. ஆனால் அவள் கேபிள்காரரைத் திட்டியபோது எனக்கு அது நோயாகத் தெரியவில்லையே! என்னைப் பார்த்துத் திரும்பிய பிறகுதானே நோயாயிற்று. சத்தம் போடும் மோட்டார் என்றால் முதலில் சுவிட்சை அணைத்துத்தான் எனக்குப் பழக்கம். அணைத்தேன்.

மூன்று வாரம் தினமும் காலை நான்தான் டீ போட்டேன். மிச்சமிருந்த அட்டை தீர்ந்ததும் பழைய சீட்டைக் காட்டி இன்னொரு அட்டை வாங்கினேன். வீடு அமைதியாயிற்று. செல்வி காலை பத்து மணிக்கே தூங்கி விழுந்தாள், நடக்கையில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நாலாம் நாளைப் பற்றிய பேச்சே எழவில்லை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா, "வீட்ல எப்படி இருக்கு?" என்று கேட்டார். செல்வி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பத்து மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. நாக்குக் குழறலோடு சொன்னாள்: "எல்லாம் அப்பிடியேதான் கீது டாக்டர். ஆனா இவரு மாறிட்டாரு. கல்யாணம் ஆயி அடுப்புப் பக்கமே வராத மனுசன், தெனம் டீ போட்டுத் தராரு."

ஐயோ, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். பூமி பிளக்காதா என்று கேட்பார்களே, அது சும்மா பேச்சு இல்லை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்தார், நாலடி நடந்து காட்டச் சொன்னார். பிறகு எடை பார்க்க நர்ஸோடு அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "டீல என்ன போடறீங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், நாலாம் நாள் காலையையும். கத்துவார் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

"ஒருத்தருக்குத் தெரியாம மருந்து கொடுக்கறது தப்பு. ஆபத்தும்கூட. கீழே விழுந்து தலையில அடிபட்டிருந்தா? இனி திடீர்னு நிறுத்தவும் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா எப்படிக் குறைக்கணும்னு எழுதித் தரேன், அவங்களுக்குத் தெரிஞ்சே குறைக்கணும். இன்னொன்னு. அவங்க கோபப்பட்டாங்கன்னு சொன்னீங்க இல்ல? நான் அதுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன். சூடு பட்டாக்கூடத் தெரியாம இருந்தவங்களுக்குக் கோபம் வந்திருக்கு. அத நீங்க திரும்பத் தூங்க வெச்சுட்டீங்க."

நான் கேட்டேன்: "அன்னிக்கே கூட்டியாந்திருந்தா பொழச்சிருப்பாளா டாக்டர்?"

"வாய்ப்பு அதிகம் இருந்திருக்கும். உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. ஆனா செல்வி சொன்னாங்க, நீங்க கேக்கல. அது நடந்தது. அத அவங்க வாயால உங்ககிட்ட சொல்லணும், நீங்க உட்கார்ந்து கேக்கணும். டீ விஷயத்த இன்னிக்கே நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன். சொல்லிட்டு எழுந்து போயிடாதீங்க."

கூடவே, எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினார். தன்னையோ பிறரையோ காயப்படுத்துவேன் என்றால், சாகவேண்டும் என்று பேசினால், நாள்கணக்கில் தூங்காமல் இருந்தால், இல்லாத குரல் கேட்கிறது என்றால் உடனே கூட்டிவர வேண்டும். நியாயமான ஒன்றுக்குக் கோபப்படுவது அந்தப் பட்டியலில் இல்லை.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னால் மறுபடி கடைக்கு ஓடிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

செல்விக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் கலந்த மருந்தின் மப்பு. "டீலயா?" என்றாள். "நீ போட்ட டீலயா?" அடுத்து எழுந்துவிட்டாள்.

"ரெண்டு தபா என்னத் தூங்க வெச்சிட்டியேய்யா! எம் பொண்ண நான் குளிப்பாட்டல. ஒரு பூ வெக்கல. முழிச்சிப் பாத்தா ஊட்டக் கழுவி உட்டுக்கீறீங்க. எங்கடா எம் பொண்ணுன்னு கேட்டா ஒருத்தன் வாயத் தொறக்கல. இப்ப டீல போட்டுத் தரியா? நான் பாசம்னு நெனச்சி குடிச்சேன்யா!"

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் நின்றார்கள். பழக்கடைக்காரம்மா எட்டிப் பார்த்தார். செல்வி நிறுத்தவில்லை.

"டெஸ்ட் பண்ணலாம்னு சொன்னனா இல்லியா? சொன்னனா இல்லியா? காய்ச்சல் விட்டுடுச்சுன்ன. நீ இன்னா டாக்டரா? காயில் கட்றவன்தான நீ? கொழந்த வவுறு வலிக்குதுன்னு சொல்லிச்சே, காதுல உழலியா உனக்கு?"

ஒரு போலீஸ்காரர் வந்து, "என்னம்மா, என்னய்யா இது ரோட்டுல?" என்றார். எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல் கால் துடித்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "ஒண்ணும் இல்ல சார். அவ சொல்றது அத்தினியும் நெசம். பேசட்டும்."

செல்வி அதைக் கேட்டதும் நின்றாள். பிறகு இன்னும் உரக்கத் திட்டினாள். மூன்று பஸ் போயிற்று. நாங்கள் நாலாவது பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

அதற்குப் பிறகு நான் தொட்ட எதையும் அவள் வாயில் வைக்கவில்லை. மாத்திரை அட்டைகளைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள், தானே பார்த்துப் பிரித்துச் சாப்பிட்டாள். தூக்க மாத்திரையை டாக்டரம்மா சொன்னபடி அவளே குறைத்து நிறுத்தினாள். தெளியத் தெளியத் திட்டு கூடியது. சில நாள் ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டாள். பத்துத் தடவையும் பதில் சொன்னேன். எனக்கும் கோபம் வந்தது, இரண்டு முறை பதிலுக்குக் கத்தியும் விட்டேன். ஆனால் எழுந்து போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "பவிய எங்க வெச்சீங்கன்னு காட்டு."

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அக்காவுக்குத் தெரிந்தால் ஊரைக் கூட்டுவாள். "பொம்பளைங்க" என்று ஆரம்பித்தேன். செல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தேன்.

சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு மழைக்காலம் போயிருந்தது. மண் அமுங்கி, முழங்கால் உயரத்துக்குப் புல். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் புது அபார்ட்மெண்டின் பால்கனிகள், துணி காய்ந்துகொண்டிருந்தது. நான் கல் ஒன்றும் நடவில்லை. இங்கே என்றேன். இல்லை, அங்கே என்றேன். அந்த வேப்பங்கன்று அப்போது இருந்ததா? எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது.

"எடம் தெரிலியா உனக்கு?" என்றாள் செல்வி.

அவளைத் தூங்கவைத்துவிட்டு நான்தான் அன்றைக்கு எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்தவன். மண் போட்டவன். எனக்கு என் பெண்ணின் இடம் தெரியவில்லை. புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பவி போன நாளில் செல்வி போட்ட அதே சத்தம். ஒரு வருஷமாக எனக்குள்ளேயும் அது இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

செல்வி என்னைத் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மண்ணில் கையை ஓங்கி ஓங்கி அறைந்து அழுதாள். "பவீ... அம்மா வந்துகீறேண்டி... தூங்கிப்புட்டேண்டி..." என்று அவள் அழ, "நான்தாம்மா, நான்தான்" என்று நான் அழ, பால்கனியில் துணி எடுக்க வந்த ஒரு பெண் அப்படியே நின்றுவிட்டார். சுடுகாட்டில் வேலை பார்ப்பவர் சத்தம் கேட்டு வந்தார். தேதியைக் கேட்டார், கொஞ்சம் யோசித்தார், பத்தடி தள்ளிக் கூட்டிப்போய்க் காட்டினார். செல்வி மடியிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து வைத்தாள். அதன்பிறகு வெகுநேரம் புல் பிடுங்கினோம்.

திரும்பும்போது வண்டியில், "கையெல்லாம் எரியுது" என்றாள். புல் கிழித்து உள்ளங்கை முழுக்கக் கீறல். இடுப்பெல்லாம் வலிக்கிறது, பசிக்கிறது என்றாள். எரிச்சல், வலி, பசி என்று அவள் உடம்பு அவளுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. காட்டுப்பாக்கத்தில் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம்.

நோய் தீர்ந்துவிட்டதா என்று கேட்பீர்கள். காலை மாத்திரை இன்னும் இருக்கிறது, அளவு குறைந்திருக்கிறது. குடம் வழியவிட்டு நிற்கும் நாள் எப்போதாவது வருகிறது. எனக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்து நானும் மாத்திரை சாப்பிடுகிறேன், மாதம் ஒருமுறை அந்த டாக்டரம்மாவிடம் நானும் தனியாக உட்கார்ந்து பேசுகிறேன். எங்கள் நாள்காட்டியும் மாறிவிட்டது. மற்றவர்களுக்கு ஜனவரியில் வருஷம் பிறக்கிறது, எங்களுக்கு அந்த நாலாம் நாளில். எங்கே யாருக்குக் காய்ச்சல் என்றாலும் செல்வி முதலில் அவர்கள் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். போன மாதம் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்து விட்டபோது, "விட்டுடுச்சு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "எந்திரி, சட்டையப் போடு" என்று டெஸ்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சாதாரணக் காய்ச்சல்தான். வழியெல்லாம் திட்டு.

டீயைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். சுடுகாட்டுக்குப் போய்வந்த மறுவாரம் நான் மறுபடி அடுப்பண்டை போனேன். செல்வி வாசற்படியில் நின்று என் கையையே பார்த்தாள். அவள் பார்க்கத் தூள் போட்டு, அவள் பார்க்க இஞ்சி தட்டி, அவள் டம்ளரில் ஊற்றி, முதல் வாய் நான் குடித்துக் காட்டினேன். அவள் வாங்கிக் குடித்தாள். இப்படி எட்டு மாதம். ஒருநாள் தவறவில்லை. எனக்கு அது அவமானமாக இல்லை.

போன வாரம் ஒருநாள் காலை டம்ளரை என் வாயருகே கொண்டுபோனேன். செல்வி எட்டிப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னா, தெனம் உன் எச்சியத்தான் குடிக்கணுமா நானு?"

நான் அடுப்படியிலேயே நின்றேன். அவள் ஊதி ஊதி முழு டம்ளரும் குடித்து முடித்தாள். சர்க்கரை கம்மி என்றாள்.